கம்பளம் கழுவ ஆள் தேவை

புதன்கிழமை காலை பத்தரை மணிக்கு ஜெராக்ஸ் கடையின் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்த பெண்ணின் கையில் பிரதி எடுக்கத் தாள் எதுவும் இல்லை. ஒரு செல்போன் மட்டும் இருந்தது. மருந்துக்கடையில் போட்டுக்கொள்ளும் வெள்ளை மேலங்கியைக் கழற்றக்கூட மறந்து, நாலு தெரு நடந்து வந்திருந்தாள்.

"சர்வேயரம்மா இருக்காங்களா?" என்றாள்.

கடையின் பின்பக்கம், காகிதக் கட்டுகளுக்கு நடுவே போட்ட மேஜையில் சர்வேயர் உட்கார்ந்திருந்தார். தீப்பிடித்த குடோன், தண்ணீர் புகுந்த கடை என்று இருபத்தாறு வருடம் காப்பீட்டுக் கம்பெனிகளுக்காகச் சேதத்தை மதிப்பிட்டவர். எரிந்துபோன அறையில் எது முதலில் எரிந்தது என்று சொல்லிவிடுவார். கடை அவருடைய நாத்தனாருடையது. இருவருக்கும் ஒரே வயது. அண்ணி அமைதியாக இருப்பதற்கும் சேர்த்து நாத்தனார் பேசுவாள். யாராவது கலங்கிய முகத்தோடு வந்தால் போதும், அவளுக்கு மூக்கில் வியர்த்துவிடும். இப்போதும் மிஷினை ஓடவிட்டபடியே நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

"போன வருஷம் எங்க கடையில தண்ணி புகுந்தப்ப நீங்கதான் வந்து பார்த்தீங்க" என்றாள் மருந்துக்கடைப் பெண். "என் அக்காவைக் காணோம்மா. ஆனா காணோம்னு போலீஸ்ல சொன்னா நம்ப மாட்டேங்கறாங்க. ஏன்னா அவகிட்டேர்ந்து மெசேஜ் வந்துட்டிருக்கு."

"முதல்லேர்ந்து சொல்லும்மா."

"ஞாயித்துக்கிழமைலேர்ந்து போனை எடுக்கல. திங்கட்கிழமை காலையிலயும் எடுக்கல. 'நேர்ல வரப்போறேன்'னு மெசேஜ் போட்டேன். மத்தியானம் பதில் வந்துச்சு. பாருங்க."

சர்வேயர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார்.

'நான் நல்லா இருக்கேன். வீட்டு வேலை சரியா இருக்கு. கார்பெட் ரொம்ப அழுக்கா கிடக்கு. பக்கத்துல நல்லா கார்பெட் கழுவுற ஆள் இருந்தா விசாரிச்சு என் நம்பரைக் குடு. அவங்களையே பேசச் சொல்லு.'

"இதைப் பார்த்ததும் எனக்கு உசிரு வந்துச்சு. தேடிப்பிடிச்சு மூணு கடைக்கு அவ நம்பரைக் குடுத்தேன். அதுக்கப்புறம் 'தலைவலி, அப்புறம் பேசறேன்'னு ஒரே ஒரு மெசேஜ். நேத்து சாயங்காலம் நேர்ல போனேன். மாமா வாசல்ல நின்னுக்கிட்டு, அக்கா பழைய சிநேகிதியோட வெளியூர் போயிருக்கான்னு சொல்லிட்டார். உள்ளே எட்டிப் பார்த்தா ஹால்ல வெறும் தரை."

"அதுக்கு முன்னால அந்த வீட்டுக்குப் போயிருக்கியா?"

"இல்லம்மா. குடிபோயி நாலு மாசம் ஆச்சு. ஒரு தடவைகூட கூப்பிடல. மாமாவுக்கு என்னைக் கண்டா ஆகாது. அக்காதான் மாசம் ஒருதரம் என் கடைக்கு வருவா, இன்ஹேலர் வாங்க. திங்கட்கிழமை வரவேண்டிய நாள். கையில இருக்கறது இந்நேரம் தீர்ந்திருக்கும்."

"மூச்சிரைப்பா?"

"சின்ன வயசுலேர்ந்து. ஒட்டடை அடிக்கற அன்னிக்கு எங்கம்மா அவளைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிடுவாங்க."

சர்வேயர் செய்தியை இன்னொரு முறை படித்தார். பிறகு எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார். நாத்தனார் மிஷினை நிறுத்திவிட்டு அவர் காதருகே குனிந்தாள்.

"அண்ணி, புருஷன் பொண்டாட்டி சண்டை. அவசரமா கார்பெட் கழுவணும். பொண்டாட்டி வெளியூர், கார்பெட்டையும் காணோம். அதுல என்ன கறை இருந்துச்சு? சுருட்டி எங்க கொண்டுபோனாங்க?"

ரகசியமாகத்தான் சொன்னாள். ஆனால் நாத்தனாரின் ரகசியம் தெருமுனை வரை கேட்கும். மருந்துக்கடைப் பெண் நாற்காலியின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டாள். இதே எண்ணம் நேற்று இரவு முழுவதும் அவளைத் தூங்கவிடவில்லை.

"கடையைப் பூட்டு. வாயையும் சேர்த்துப் பூட்டு" என்றார் சர்வேயர்.

அக்காவின் கணவருக்குத் தொழில் வீட்டுத் தரகு. மனையும் வீடும் காட்டிக் காட்டிப் பழகிய சிரிப்போடு கதவைத் திறந்தார். முதல் மாடியில் வெளிச்சமான வீடு.

"இவ எதுக்கெடுத்தாலும் பயப்படுவா மேடம். அக்காவும் தங்கச்சியும் ஒரே மாதிரி" என்றார். "உள்ளே வாங்க. தாராளமா பாருங்க."

கூடத்தில் சிவப்புச் சிமெண்டுத் தரை. சர்வேயர் ஜன்னல் ஓரம் போய், வெளிச்சம் தரையில் சாய்வாக விழும் பக்கமாக நின்று பார்த்தார். தரை முழுக்க ஒரே மாதிரி மங்கியிருந்தது. பிரம்பு நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டுக்கொண்டார். அது இருந்த இடத்தில், கால் பதிந்த நாலு வட்டங்கள் மட்டும் புதுசாகப் பளபளத்தன.

"இங்க கார்பெட் இருந்ததா சொன்னாங்களே?"

"ஆமா மேடம். ஹால் முழுக்க விரிச்சிருந்தோம். குடிவந்த அன்னிக்கே வாங்கிப் போட்டது. நேத்துக் காலையில கழுவக் குடுத்தாச்சு. இவ சொன்ன கடைலேர்ந்துதான் ரெண்டு பேர் வந்து சுருட்டித் தூக்கிட்டுப் போனாங்க."

'சுருட்டி' என்ற சொல்லைக் கேட்டதும் நாத்தனார் சர்வேயரின் முழங்கையைக் கிள்ளினாள்.

மருந்துக்கடைப் பெண் இதற்குள் படுக்கையறை வாசலுக்குப் போயிருந்தாள். "மாமா, நெபுலைசர் இங்கேயே இருக்கு" என்றாள். அலமாரியில், மூச்சுக்கு மருந்துப் புகை தரும் அந்தச் சின்ன இயந்திரம் குழாய் சுற்றியபடி இருந்தது. "அக்கா இதை விட்டுட்டு எங்கேயும் போகமாட்டாளே."

தரகர் சிரித்தார். "அதெல்லாம் மனசுதான். பதினோரு வருஷமா பார்க்கறேன். அவளுக்குப் பிடிக்காததை நான் ஏதாவது சொன்னா உடனே இரைப்பு வந்துடும். ஊருக்குப் போனா எல்லாம் நின்னுடும், பாரேன்."

வெளியே வரும்போது சர்வேயர் செருப்பு மாட்டக் குனிந்தவர் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். பக்கத்தில் தரகரின் செருப்பு கிடந்தது. அழுத்தினால் ஒட்டிக்கொள்ளும் பட்டை வைத்த செருப்பு. அந்தப் பட்டையின் சொரசொரப்பில் நீலநிறப் பிசிறு அடை அடையாக ஒட்டியிருந்தது.

படியிறங்கித் தெருவுக்கு வந்ததும் மருந்துக்கடைப் பெண் கடைசிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "அவ உசுரோட இருக்காளா? அதை மட்டும் சொல்லுங்கம்மா" என்றாள்.

"தெரியலம்மா. இருக்கான்னுதான் நினைக்கறேன். இருந்தா நேரம் கம்மி. அந்த மூணு கடையில யாராவது அவகூடப் பேசினாங்களான்னு கேட்டியா?"

அவள் கேட்கவில்லை. நாத்தனார் அங்கேயே நின்று போன் போட்டாள். முதல் கடைக்காரர், அந்த எண்ணுக்கு இரண்டு தடவை அடித்தும் யாரும் எடுக்கவில்லை என்றார். இரண்டாவது கடையிலும் அதே கதை. யாரும் எந்தக் கம்பளத்தையும் தூக்கி வரவில்லை. மூன்றாவது கடையில் மணி அடித்துக்கொண்டே இருந்தது.

"தண்ணி மோட்டார் ஓடினா அவங்களுக்குக் காது கேக்காது. நேராப் போயிடலாம்" என்றார் சர்வேயர்.

அந்தக் கடை பேருந்து நிலையத்துக்குப் பின்னால், தகரக் கூரை போட்ட கொட்டகை. இரும்புக் குழாய்களில் கம்பளங்கள் மடிந்து தொங்கிச் சொட்டிக்கொண்டிருந்தன. நனைந்த ஆட்டுமயிர் வாடை மூக்கில் ஏறியது. சுருட்டிச் சாத்தியிருந்த கம்பளங்களைப் பார்த்ததும் நாத்தனார் சர்வேயருக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டாள். காலையிலிருந்து அவள் கட்டிய கதை இப்போது அவளையே மிரட்டியது.

புருஷனும் பொண்டாட்டியுமாக நடத்தும் கடை. அவர் கழுவுவார், அந்தம்மா போனில் பேசி நோட்டில் எழுதுவாள். விஷயத்தைச் சொன்னதும் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு நோட்டை எடுத்தாள்.

"பேசினேனே. திங்கட்கிழமை சாயங்காலம். பாவம், அந்தம்மா இரைக்க இரைக்கப் பேசினாங்க."

மருந்துக்கடைப் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"என்ன பேசினீங்க? ஒண்ணு விடாம சொல்லுங்க" என்றார் சர்வேயர்.

"நாங்க எல்லார்கிட்டயும் கேக்கறதைத்தான் கேட்டேன். ஆள் வந்தப்புறம் அது இல்ல இது இல்லன்னு நிக்கக்கூடாதில்ல." அந்தம்மா விரலை வைத்துப் படித்தாள். "விரிச்சதா ஒட்டினதான்னு கேட்டேன். ஒட்டினது, அறை முழுக்கன்னாங்க. நிறம் நீலம். ஜன்னல் பக்கம் ஏசித் தண்ணி சொட்டி பழுப்புக் கறை. எத்தனாவது மாடின்னு கேட்டேன். நாலாவது. லிஃப்ட் இல்ல. மேல தண்ணி வராது, கீழேர்ந்துதான் தூக்கணும். முன்னாடி கழுவியிருக்கான்னு கேட்டேன். கழுவியிருப்பாங்க போல, மேஜைக்கால் இருந்த இடத்துல எல்லாம் எக்ஸ்ரே துண்டு கிடக்குன்னாங்க. விலாசம் கேக்கறதுக்குள்ள பக்கத்துல ஒரு ஆம்பளைக் குரல் 'போதும் வை'ன்னுச்சு. வச்சிட்டாங்க."

"எக்ஸ்ரே துண்டா?" என்றாள் நாத்தனார். தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

இதற்குக் கழுவுகிறவர் பதில் சொன்னார். "ஈரக் கார்பெட் மேல மேஜையைத் திருப்பி வச்சா கால்லேர்ந்து துரு இறங்கிடும்ங்க. அதனால அடியில ஏதாவது குடுக்கணும். மத்தவங்க பிளாஸ்டிக் தாள் வைப்பாங்க. நான் ஆஸ்பத்திரியில கழிச்சுப் போடற பழைய எக்ஸ்ரே ஃபிலிமை வாங்கிச் சதுரமா வெட்டி வைப்பேன். நனையாது, கிழியாது. இந்த ஊர்ல வேற யாரும் அதை வைக்கறதில்ல."

"அப்ப அது நீங்க கழுவின அறை" என்றார் சர்வேயர். அவர் குரலில் முதல்முறையாக அவசரம் தெரிந்தது. "நீலம், நாலாவது மாடி, லிஃப்ட் கிடையாது. யோசிங்க."

கழுவுகிறவர் யோசிக்கவே இல்லை. "அதை மறக்க முடியுமா? கம்ப்யூட்டர் வகுப்பு நடந்த இடம். நாப்பது வாளித் தண்ணி நாலு மாடிக்குத் தூக்கினேன். அன்னிக்குப் பிடிச்ச இடுப்பு இன்னும் விடல. இப்ப அவங்க காலி பண்ணிட்டாங்க. வாசல்ல வாடகைக்குன்னு போர்டு தொங்குது."

"போர்டுல யாரு நம்பர்னு தெரியுமா?"

தெரியாது என்றார். ஆனால் மருந்துக்கடைப் பெண்ணுக்குத் தெரிந்துவிட்டது. அவள் ஏற்கெனவே வாசலில் நின்ற கடை வண்டியில் ஏறியிருந்தாள்.

போகும் வழியிலேயே சர்வேயர் இன்ஸ்பெக்டருக்குப் போன் செய்தார். தீவிபத்து வழக்குகளில் பழக்கமானவர் என்பதால் கேள்வி கேட்டு நேரத்தை வீணாக்காமல், ஆம்புலன்சுக்கும் சொல்லிவிட்டுப் புறப்படுகிறேன் என்றார். கட்டடத்தின் முன்னால் மஞ்சள் பலகையில் மாமாவின் பெயரும் எண்ணும் கொட்டை எழுத்தில் இருந்தன.

நாலு மாடி ஏறுவதற்குள் மருந்துக்கடைப் பெண்ணுக்குக் காலமே நின்றுவிட்ட மாதிரி இருந்தது. கீழ்த்தளத்துக் கடைகளின் சத்தம் ஒவ்வொரு மாடிக்கும் குறைந்துகொண்டே வந்து, நாலாவது மாடியில் சுத்தமாக அடங்கிப்போனது. நடைபாதைக் கடைசியில் ஒரு கதவு. அதில் புதுப் பூட்டு.

"அக்கா" என்று கதவைத் தட்டினாள். பதில் இல்லை. மறுபடி தட்டினாள். ஒன்றும் இல்லை. கதவில் காதை வைத்தாள். தன் நெஞ்சு அடித்துக்கொள்வதுதான் கேட்டது. இனிமேல் கேட்காது, எல்லாம் முடிந்துபோயிற்று என்று நினைத்த நேரத்தில், காலுக்கடியிலிருந்து ஒரு சத்தம் வந்தது. ஓட்டைக் குழாயில் காற்று இழுப்பது போல மெல்லிய விசில்.

"கீழ இருக்கா. கதவுக்குக் கீழ" என்று தரையில் விழுந்தாள்.

கழுவுகிறவர் வண்டியிலிருந்து கடப்பாரையைக் கொண்டுவந்து பூட்டை நெம்பினார். கதவைச் சட்டெனத் திறக்க முடியவில்லை. அக்கா கதவோரம் படுத்து, அடிச் சந்தில் முகத்தை ஒட்டி வைத்திருந்தாள். தூசு இல்லாத காற்று அந்த அறையில் அவளுக்கு அங்கேதான் கிடைத்தது. உதடு நீலம் பாரித்திருந்தது. கண் திறந்திருந்தது. தங்கை மேலங்கிப் பையில் கொண்டுவந்திருந்த இன்ஹேலரை அவள் வாயில் வைத்து அழுத்தினாள். மூன்றாவது அழுத்தலுக்குத்தான் நெஞ்சு கொஞ்சம் ஏறி இறங்கியது. நாத்தனார் சுவரில் சாய்ந்து நின்று ஓசையில்லாமல் அழுதாள்.

இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தால் சொல்வதற்கில்லை என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். பிழைத்துக்கொள்வாள் என்றும் சொன்னார்.

சாயங்காலம் நாலு மணிக்குக் காவல் நிலையத்தில், இன்ஸ்பெக்டரின் மேஜைக்கு எதிரே தரகர் உட்கார்ந்திருந்தார். முகத்தில் ஈயாடவில்லை. மருந்துக்கடைப் பெண் வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட வந்திருந்தாள். நாத்தனாருக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. ஆனால் அவளை வீட்டுக்குப் போகச் சொல்லும் தைரியம் யாருக்கும் இல்லை.

"நான் அடிக்கல சார்" என்றார் தரகர். "வேற ஊர்ல வேலை கிடைச்சிருக்கு, தனியாப் போறேன்னா. நாலு நாள் தனியா இருந்தா மனசு மாறும்னு நினைச்சேன். வேளாவேளைக்குச் சாப்பாடு குடுத்தேன்."

இன்ஸ்பெக்டர் அதை எழுதிக்கொண்டு, சர்வேயர் பக்கம் திரும்பினார். "நீங்க எங்க பிடிச்சீங்க மேடம்?"

"அவ எழுதினதுலதான்" என்றார் சர்வேயர். "ஒட்டடை அடிக்கற நாள்லகூட வீட்ல வச்சுக்க முடியாத பொண்ணு. அவ தன் வீட்ல கார்பெட் போடுவாளா? அதைவிடத் தூசு பிடிக்கற சாமான் உண்டா? ஒருவேளை புருஷன் வாங்கிப் போட்டிருக்கலாம்னு போய்ப் பார்த்தேன். நாலு மாசம் ஒரு நாற்காலி நின்னதுக்கே கால் பதிஞ்ச இடம் பளபளன்னு இருக்கு. ஹால் முழுக்கக் கார்பெட் கிடந்திருந்தா தரை எப்படி இருக்கணும்? முழுக்க மங்கிக் கிடக்கு. அங்க கார்பெட்டே இருந்ததில்ல. ஆனா இவர் இருந்துச்சு, கழுவக் குடுத்தேன்னார். அந்த மெசேஜுக்குச் சப்பைக்கட்டு கட்டறார்னு தெரிஞ்சுது. அப்ப அது இவர் கண்ணு முன்னால எழுதினது."

"நான்கூடக் கார்பெட்ல சுத்தி..." என்று ஆரம்பித்த நாத்தனார், மருந்துக்கடைப் பெண்ணைப் பார்த்துவிட்டு மீதியை மென்று விழுங்கினாள்.

"எனக்கும் அந்தப் பயம் இருந்துச்சு" என்றார் சர்வேயர். "ஆனா இவர் செருப்புப் பட்டையில அடை அடையா நீலப் பிசிறு. ஒரு தடவை மிதிச்சா அவ்வளவு ஒட்டாது. தினமும் ஒரு பழைய கார்பெட் மேல நடந்திருக்கார். செத்தவங்களை யாரும் தினமும் போய்ப் பார்க்கறதில்ல. அவ எங்கேயோ கார்பெட் மேல உசுரோட கிடக்கா, அங்கேர்ந்துதான் எழுதியிருக்கான்னு அப்பத்தான் நம்பிக்கை வந்துச்சு. சாதாரணமா ஏதாவது எழுதுன்னு இவர் மிரட்டியிருப்பார். அவ சாதாரணமாத்தான் எழுதினா. கார்பெட் கழுவறவங்க ஆயிரம் கேள்வி கேப்பாங்க, பதில் சொல்ற சாக்குல அறையையே சொல்லிடலாம்னு அவளுக்குத் தோணியிருக்கு. போன் இவர்கிட்டதான் இருந்திருக்கு. இவர் அங்க இருந்த நேரத்துல வந்த காலை எடுக்கலைன்னா சந்தேகம் வரும்னு பேசவிட்டுட்டார். விலாசம் சொல்லலியே, இந்தக் கழுவறவங்களுக்கு என்ன தெரியும்னு நினைச்சிருப்பார்."

தரகர் தலையை நிமிர்த்தினார். "அந்த மெசேஜை நான் ரெண்டு தடவை படிச்சுட்டுத்தான் அனுப்பவிட்டேன். அதுல ஒண்ணுமே இல்ல."

"உங்க கண்ணுக்கு அதுல ஒண்ணும் படாது. அவளுக்கு மூச்சிரைக்கும்னு நம்பறவங்களுக்குத்தான் அதுல தப்பு தெரியும்."

சுவரோரம் நின்ற காவலர் காலை மாற்றி நின்றார். தரகர் மேஜை விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தார். எதையோ கணக்குப் பார்ப்பது போல அவருடைய நெற்றி சுருங்கியது. பிறகு, அன்று முதல்முறையாக, மருந்துக்கடைப் பெண்ணைப் பார்த்துப் பேசினார்.

"நிஜமாவே இரைக்குமா அவளுக்கு?" என்றார்.

அவர் கிண்டலாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். காலையிலிருந்து எத்தனையோ பயத்தைத் தாங்கிய மருந்துக்கடைப் பெண்ணுக்கு அந்தக் கேள்விதான் எல்லாவற்றையும்விடப் பயமாக இருந்தது. இந்த மனிதரோடுதான் அக்கா பதினோரு வருடம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறாள். கையெழுத்துப் போட்டுப் பேனாவை மூடி வைத்தாள். நாத்தனார் எழுந்து அவள் தோளைப் பிடித்துக்கொள்ள, இருவரும் ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டார்கள்.